அடையாற்றுக்கு ஒரு கதவு எண்

"நான் எபி. வயசு இருபத்தி நாலு. அஸ்தினாபுரம் ரூம்ல இருந்து பேசுதேன். சாப்பிட்டாச்சு. சளி இல்ல. வேலையில ஒரு சின்ன சிக்கல், பயப்படுத மாதிரி ஒண்ணும் இல்ல. யாரு இதப் பாத்தாலும், அப்பா பிரஷர் மாத்திர போட்டாச்சான்னு கேட்டுச் சொல்லுங்க."

போனின் மைக்கைப் பார்த்துச் சொல்லி முடித்துவிட்டு, திரையில் விழுந்திருந்த எழுத்துகளை எபி ஒருமுறை வாசித்துப் பார்த்தான். பயப்படுகிற மாதிரி ஒன்றும் இல்லை என்ற வரி சுத்தப் பொய். அதை அழிக்கலாமா என்று யோசித்தான். அழித்தால் வேலையில் என்ன சிக்கல் என்று அக்கா அபிகாயில் குடைந்து எடுத்துவிடுவாள். குடும்பக் குழுவுக்கு அப்படியே அனுப்பினான்.

பெயர், வயது, இருக்கும் இடம். எந்தச் செய்தி அனுப்பினாலும் இந்த மூன்றும் முதலில் வரவேண்டும் என்பது அவன் வீட்டுச் சட்டம். சட்டம் போட்டவர் அவன் அப்பா சுவிசேஷமுத்து. சாயர்புரத்துக்காரர். நூல் மில்லில் மெஷின் சத்தத்துக்கு நடுவே ஆயுளைக் கழித்ததில் இரண்டு காதும் அடைத்துப் போனவர். அவரோடு போனில் பேச முடியாது, எழுதித்தான் காட்ட வேண்டும். எபிக்கு எழுத உட்கார்ந்தால் பதற்றம், ஒரு வரியை நாலு தரம் அழித்து எழுதுவான். அதனால் பேசுவதை எழுத்தாக மாற்றும் மைக்கைப் பிடித்துக்கொண்டான்.

போன வருஷம் யாரோ ஒருவன் அவருக்குச் செய்தி அனுப்பினான். 'அப்பா, என் போன் உடைஞ்சிட்டு, இது புது நம்பர், அவசரமாப் பணம் வேணும்.' கிழவர் பேங்க் வாசல் வரைக்கும் போய்விட்டார். அபிகாயில் பின்னாலேயே ஓடிப்போய் போனைப் பிடுங்கி, 'உனக்கு என்ன வயசு?' என்று கேட்டாள். அந்தப் பக்கம் உளறியது. அன்று சாயங்காலமே சட்டம் பிறந்தது. 'யாரு, என்ன வயசு, எங்க இருக்க? மூணும் மொதல்ல வரணும். கடைசியில என்ன வேணும்னு நேராக் கேக்கணும். இல்லன்னா நான் படிக்கவே மாட்டேன்.'

ஊரில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். எபியும் சிரித்திருக்கிறான்.

அவன் வேலை பார்த்த இடம் அஸ்தினாபுரத்தில் ஒரு மருந்துக்கடையின் மாடி. முதலாளி ஜெரூஷா. குரோம்பேட்டையில் பிறந்து வளர்ந்தவள். பெரிய கம்பெனி வேலையை விட்டுவிட்டு, வெள்ள எச்சரிக்கைப் பெட்டி செய்கிறேன் என்று இறங்கியவள். அனகாபுத்தூர்ப் பக்கம் அடையாற்றுப் பாலத்தின் தூணில் ஒரு கருவி. ஆற்றங்கரைச் சந்தில் வீட்டுக்கு ஒரு பெட்டி. ஆறு குறிப்பிட்ட கோட்டைத் தாண்டினால் தூண் கருவி எல்லாப் பெட்டிகளுக்கும் தகவல் அனுப்பும். பெட்டிகள் ஊரை எழுப்பும். பெட்டிக்குள்ளே ஓடும் நிரலை எழுதியவன் எபி. கம்பெனியில் சேர்ந்ததும் அவனை நம்பிக் கொடுத்த முதல் வேலை அது.

இன்றைக்கு அதைச் சோதித்துப் பார்த்தார்கள். பெட்டி மாட்டும் வேலையெல்லாம் சிவகுமாருடையது. அனகாபுத்தூரிலேயே பிறந்தவன், எபியைவிட நாலைந்து வயது பெரியவன், யாரைப் பார்த்தாலும் மச்சான். அவன் பாலத்தில் தொங்கி, தண்ணீர் ஏறுவதுபோல் ஒரு பலகையைக் கருவிக்குக் கீழே மெல்ல உயர்த்தினான். சந்து முழுக்கப் பெட்டிகள் அலறின. நாய்கள் சேர்ந்துகொண்டன. தூளியில் தூங்கிய குழந்தைகள் வீறிட்டன. எபி பூரித்துப் போய் சந்தின் கடைசி வரைக்கும் நடந்தான்.

கடைசி வீடு எல்லம்மாவுடையது. சந்திலேயே தாழ்வான வீடு. ஆறு வந்தால் முதலில் அங்கேதான் வரும். எல்லம்மா வாசற்படியில் இடுப்பில் கைவைத்து நின்றாள். அவள் தலைக்கு மேலே பெட்டி பச்சை விளக்கை எரியவிட்டு, ஒன்றுமே நடக்காததுபோல் தொங்கியது.

"இன்னா தம்பி, ஊரே கத்துது, எம் பொட்டி மட்டும் வாயில கொழுக்கட்டைய வெச்சிக்கினு கீது?"

பாலத்திலிருந்து ஓடிவந்த சிவகுமார் மடிக்கணினியைத் திறந்து அந்த வீட்டு நெட் இணைப்பைத் துழாவினான். விஷயம் பத்தே வார்த்தையில் முடிந்தது.

"எல்லாக்கா, வாசல்ல கேமரா எப்ப மாட்ன?"

"எம் புள்ள மாட்டிட்டுப் போச்சு, பைக்க எவனோ நோண்டுறான்னு. அதுக்கு இன்னா இப்போ?"

"அந்தக் கேமராவும் நம்ப பொட்டியும் ஒரே நம்பர வெச்சிக்கினு கீதுங்க."

ஒரு வீட்டுக்கு நெட் வழியே எத்தனையோ தகவல் வரும். ஒவ்வொன்றின் மேலும் ஓர் எண் இருக்கும். போர்ட் நம்பர் என்பார்கள். வீட்டுக்குள்ளே எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்று சொல்லும் எண் அது. இந்த எண் வந்தால் டிவிக்கு, இது வந்தால் கேமராவுக்கு என்று வீட்டு ரூட்டர் பிரித்துக் கொடுக்கும். 'ஆறு ஏறுகிறது' என்று வந்த தகவலை அது முறைப்படி கேமராவிடம் கொண்டுபோய்க் கொடுத்தது. கேமராவுக்கு ஆற்றைப் பற்றி என்ன தெரியும்? தூக்கி எறிந்துவிட்டது.

எபி இதை முடிந்தவரை எளிமையாகச் சொன்னான். எல்லம்மா முழுக்கக் கேட்டாள். பிறகு ஸ்டூலைப் போட்டு ஏறி, பெட்டியைக் கழற்றி, அவன் கையில் கொடுத்தாள்.

"எடுத்துக்கினு போ."

"இல்லக்கா, இப்பவே நம்பர மாத்தித் தந்துருதேன்."

"மாத்துவ. நாளைக்கி எம் புள்ள இன்னொரு மிஷின கொண்ணாந்து மாட்டுவான். அது உன் நம்பர்ல வந்து குந்திக்கிச்சுன்னா? அப்பவும் இந்தப் பச்ச லைட்டு இப்டிதான எரியும்?" அவள் குரல் உயரவில்லை. "போன வெள்ளத்துல நானும் மருமவளும் தூங்கிக்கினு இருக்கோம், தண்ணி கட்டில தொட்டுச்சு. பக்கத்து வூட்டு மாடிக்கி எப்டி ஏறினோம்னு இன்னிக்கும் தெரியாது. கத்தாத பொட்டிய நம்பித் தூங்கறதுக்கு, பொட்டி இல்லாம முழிச்சிக்கினே கீறது மேலு. உன்க்கே உன்க்குன்னு ஒரு நம்பர் கீதுன்னா சொல்லு, மாட்டிக்கலாம்."

அந்தச் சந்தில் எல்லம்மா கழற்றினால் மற்றவர்களும் கழற்றுவார்கள். ஆவணி முடியப்போகிறது. ஐப்பசி மழைக்கு எல்லம்மாவின் வாசலில் பெட்டி இருக்குமா இருக்காதா? ரூமுக்கு வந்தபிறகும் எபியின் நெஞ்சில் அது ஒன்றுதான் அடித்துக்கொண்டிருந்தது.

மறுநாள் ஜெரூஷா அவனைத் திட்டவில்லை. அதுவே அவனுக்குப் பயமாக இருந்தது.

"இந்த நம்பர எங்கேருந்து எடுத்த, எபி?"

"சும்மா வச்சேன்க்கா."

"சும்மான்னா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். ஊரைவிட்டு வந்த ஞாயிற்றுக்கிழமை, வேதக்கோயிலில் அன்று பாட வேண்டிய பாட்டுகளின் எண்களை வழக்கம்போல் பலகையில் மாட்டியிருந்தார்கள். முதலில் பாமாலை எண், அதற்குக் கீழே கீர்த்தனை எண். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் நாலு இலக்கம் வந்தது. ஆசீர்வாதமாக இருக்கட்டும் என்று அதையே பெட்டிக்கு வைத்துவிட்டான்.

ஜெரூஷா மேஜையைத் தட்டிச் சிரித்தாள். "உங்க சர்ச்ல மட்டும் அன்னிக்கு வேற பாட்டு போட்டிருந்தா நம்ம கம்பெனிக்கே வேற நம்பர் வந்திருக்கும், இல்ல? இங்க வா."

அவள் ஒரு பக்கத்தைத் திறந்தாள். எந்த அலங்காரமும் இல்லாத நீண்ட பட்டியல். ஐயானா என்ற அமைப்பு உலகம் முழுமைக்குமாக வைத்திருக்கும் பட்டியல் என்றாள். எபியின் நாலு இலக்க எண்ணைத் தேடினாள். அந்த எண்ணுக்கு எதிரே ஏற்கெனவே ஒரு சேவையின் பெயர் இருந்தது. அதற்கும் எதிரே, எங்கோ ஒரு மனிதரின் பெயர். எபி பிறப்பதற்கு முந்தைய தேதி.

"கேமராக்காரன் மேல தப்பில்ல. அது அவங்க சொந்த வீடு. நாமதான் பூட்ட உடைச்சிட்டுக் குடியேறியிருக்கோம்."

அவள் போன் பேச எழுந்து போனாள். எபி அந்தப் பட்டியலின் முன் உட்கார்ந்தான்.

கல்லூரியில் இதைப் படித்திருந்தான். ஐந்து மதிப்பெண் கேள்வி. இணையப் பக்கத்துக்கு எண்பது, மின்னஞ்சலுக்கு இருபத்தைந்து என்று சின்ன அட்டவணை. மனப்பாடம் பண்ணி எழுதிவிட்டு வந்தான். அதற்கு ஒரு முழுப் பட்டியல் இருக்கிறது, அது இப்படி எவரும் பார்க்கும்படி திறந்து கிடக்கிறது என்று அவனுக்கு யாரும் சொன்னதில்லை. அவன் கீழே உருட்டினான். உருட்ட உருட்ட அது போய்க்கொண்டே இருந்தது. கடிகாரங்கள் ஒன்றையொன்று நேரம் கேட்டுக்கொள்ள ஓர் எண். தூரத்து மெஷினைத் திறக்க ஓர் எண். அச்சு இயந்திரங்களுக்கு, விளையாட்டுகளுக்கு, எதற்கென்றே அவனுக்குப் புரியாத எத்தனையோ காரியங்களுக்கு. உலகமே அறிந்த கம்பெனிக்கு ஒரு வரி. அதற்கு அடுத்த வரி யாரோ ஒரு தனி ஆளுக்கு. இருவருக்கும் ஒரே அளவு எழுத்து, ஒரே அளவு இடம். ஆரம்பத்தில் வந்த சிலருக்கு எதிரே தேதிகூட இல்லை. தேதி போடும் வழக்கம் வருமுன்பே வந்து அமர்ந்தவர்கள் போலிருக்கிறது.

அவனை உலுக்கியது வேறொன்று. இந்தப் பட்டியலுக்குக் காவல் கிடையாது. அடுத்தவன் எண்ணை எடுத்தால் பிடித்துக்கொண்டு போக ஒரு போலீஸ் கிடையாது. எடுத்தவனே சாட்சி, இதோ உட்கார்ந்திருக்கிறான். ஆனாலும் உலகத்தின் மெஷின்கள் எல்லாம், ஒன்றையொன்று பார்த்தறியாத மனிதர்கள் எழுதியவை, இந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் ஒன்றின் கதவை ஒன்று சரியாகத் தட்டுகின்றன. தாம்பரம் ஸ்டேஷனில் ஒருவர் டிக்கெட் போடுகிறார், பொழிச்சலூரில் ஒரு பெண் வெளிநாட்டில் இருக்கும் மகனைத் திரையில் பார்த்துப் பேசுகிறாள். அதற்கெல்லாம் அடியில் இந்த வரிகள் ஓசையில்லாமல் கிடக்கின்றன.

அவனுக்கு அப்பா ஞாபகம் வந்தது. அப்பாவுக்கு ஆர்கன் கேட்காது, பாட்டும் கேட்காது. அவர் பலகையைப் பார்ப்பார். எண்ணைப் பார்த்துப் புத்தகத்தைத் திருப்புவார். சபை முழுக்க எந்தப் பக்கத்தில் இருக்கிறதோ அதே பக்கத்தில் அவரும் இருப்பார், உதட்டை அசைத்துக்கொண்டு. ஒருமுறை சபையில் பாதிப் பேர் பழைய பதிப்புப் புத்தகத்தையும் பாதிப் பேர் புதிய பதிப்பையும் கொண்டுவந்து, ஒரே எண்ணுக்கு இரண்டு பாட்டு கிளம்பிவிட்டது. போதகர் ஐயர் கையைத் தூக்கி நிறுத்தினார். எல்லோரும் சிரித்தார்கள். அப்பா மட்டும் ஒன்றும் தெரியாமல் கடைசி வரி வரைக்கும் பாடி முடித்தார். அன்றைக்கு எபியும் சிரித்தான். இப்போது சிரிப்பு வரவில்லை.

"அக்கா, இதுல நமக்கும் ஒண்ணு தருவாங்களா?" என்று ஜெரூஷா திரும்பி வந்ததும் கேட்டான்.

"கேட்டுப் பாரு. காசு கிடையாது. சிபாரிசு கிடையாது. ஆனா ஏன் வேணும்னு ஒழுங்கா காரணம் சொல்லணும். தெரிஞ்சவங்க யாராவது அத வாசிச்சுப் பாப்பாங்க. தேவையில்லன்னு தோணிச்சுன்னா குடுக்க மாட்டாங்க. இருக்கறதே அறுபத்தஞ்சாயிரத்துச் சொச்சம், அதுலயும் ஒரு பகுதிய யாருக்கும் தராம பொதுவா விட்டிருக்காங்க. உலகம் பூரா பங்கு போட்டுக்கணும்ல?"

"நானா கேக்கணும்?"

"பூட்ட உடைச்சது யாரு?"

விண்ணப்பத்தில் குறிப்பிட்ட எண் ஏதாவது வேண்டுமா என்று கேட்டிருந்தது. சிவகுமார் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தான். "ஃபேன்சி நம்பரா கேளு மச்சான். எங்க மாமா ஆட்டோவுக்கு எட்டு வர்ற மாதிரி ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல எப்டி அலஞ்சாரு தெரியுமா? கூட்டினா ஒம்போது வரணும்."

"சும்மா இருங்கண்ணா, நானே நடுங்கிட்டு இருக்கேன்."

"நடுங்காத. நம்பர் கேக்கறோம், கிட்னியா கேக்கறோம்?"

எபி அந்த இடத்தைக் காலியாக விட்டான். இந்த முறை எண்ணைத் தேர்ந்தெடுப்பது தன் வேலை இல்லை என்று அவனுக்குப் பட்டது. மற்றதையெல்லாம் எழுதி, ஜெரூஷாவிடம் காட்டி, கண்ணை மூடிக்கொண்டு அனுப்பினான்.

பதில் வந்தபோது புரட்டாசி நடந்துகொண்டிருந்தது. கொடுக்கிறேன் என்றும் இல்லை, மறுக்கிறேன் என்றும் இல்லை. சில கேள்விகள். மரியாதையான, சுருக்கமான கேள்விகள். பெட்டி வேலை செய்யும்போதே ஏதாவது ஓர் எண்ணைத் தானாக எடுத்துக்கொள்ளக் கூடாதா, நிலையான எண் எதற்கு? இதற்குப் பதில் அவனிடம் இருந்தது. வெள்ளம் வரும்போது பாதி இணைப்பு அறுந்து கிடக்கும். 'இன்றைக்கு உன் எண் என்ன' என்று விசாரித்துக்கொண்டிருக்க அப்போது நேரம் இருக்காது.

கடைசிக் கேள்வியில்தான் அவன் மாட்டிக்கொண்டான். எண்ணைப் பதிவு செய்துவிட்டால் அந்தக் கதவுக்கு உங்கள் தகவல் மட்டும்தான் வரும் என்று எந்த உத்தரவாதமும் கிடையாது. வேறு ஏதாவது வந்து தட்டினால், அது உங்களுடையது இல்லை என்று உங்கள் பெட்டிக்கு எப்படித் தெரியும்?

தெரியாது. அதுதான் உண்மை. அவன் எழுதிய நிரல் எதையும் கேட்காது. கதவைத் தட்டி ஓர் எண்ணைச் சொன்னால் போதும், அதை ஆற்றின் மட்டம் என்று நம்பிவிடும். எவனாவது விளையாட்டாகத் தட்டினாலும் சந்தே எழுந்து மாடிக்கு ஓடும். எல்லம்மா கேட்டது போலவே ஒரு கேள்வியை, அவளை அறியாத யாரோ ஒருவர், உலகத்தின் ஏதோ ஒரு மூலையிலிருந்து கேட்டிருக்கிறார். எபி அந்த வரியை மறுபடி வாசித்தான். அனகாபுத்தூர் எங்கே இருக்கிறது என்றே தெரியாத ஓர் ஆள், காசு வாங்காமல், அவன் எழுதியதை இவ்வளவு கவனமாகப் படித்திருக்கிறார்.

ஆனால் பதில் இல்லையே. பதில் இல்லை என்றால் எண் இல்லை. எண் இல்லை என்றால் எல்லம்மா வாசலில் பெட்டி இல்லை. மாடிப்படியில் உட்கார்ந்து போனை எடுத்து, குடும்பக் குழுவில் பதற்றத்தோடு பேசினான். "வேலையில மாட்டிக்கிட்டேன். என்ன செய்யன்னு தெரியல. கொஞ்சம் ஜெபம் பண்ணுங்க."

கொஞ்ச நேரத்தில் அப்பாவிடமிருந்து ஒரே வரி வந்தது.

"யார் நீங்க?"

எபி திகைத்தான். அடுத்து அபிகாயில் எழுதினாள். "எல, பேரு வயசு எடம் ஒண்ணும் சொல்லாம அனுப்பியிருக்க. அப்பா படிக்க மாட்டேன்னு போனைக் கவுத்தி வச்சிட்டாவ. நீதானா இல்ல வேற எவனுமா?"

அவன் சிரித்தான். சிரித்தபடி மறுபடி மைக்கைத் தொட்டான். "நான் எபி. வயசு இருபத்தி..." அதோடு நிறுத்திவிட்டான்.

போனைப் பையில் போட்டுக்கொண்டு படிகளைத் தாவி ஏறினான்.

"அக்கா, பெட்டி யாருன்னு கேக்கணும்!"

"என்னப்பா?"

"எங்க அப்பா மாதிரி. வர்ற தகவல் மொதல்ல பேரச் சொல்லணும், நான் ஆத்துக் கருவின்னு. அப்புறம் வயசு. அளந்து எவ்வளவு நேரமாச்சுங்கறது. பழசுன்னா படிக்கக் கூடாது, போன வாரத்து வெள்ளத்துக்கு இன்னிக்கு எழுப்பக் கூடாதுல்ல. அப்புறம் எடம். எந்தப் பாலம், எந்தத் தூண். கடைசியா, பெட்டி என்ன செய்யணும்னு நேராச் சொல்லணும். கத்து, இல்ல சும்மா இரு. இதுல ஒண்ணு கொறஞ்சாலும் பெட்டி வாயத் தொறக்காது. திருப்பி 'யாரு நீ'ன்னு கேக்கும்."

ஜெரூஷா நாற்காலியில் நிமிர்ந்தாள். "பேர யார் வேணா சொல்லலாமே. உங்க அப்பாவ ஏமாத்தினவன்கூட மகன்னுதான சொன்னான்?"

"வயசக் கேட்டதும் மாட்டிக்கிட்டாம்லா அக்கா? அந்த மாதிரி, வீட்டு ஆளுக்கு மட்டும் தெரிஞ்ச ஒண்ணு வேணும். ரகசியச் சாவி வச்சு முத்திர போட்டுருவோம்."

"போடு," என்றாள் ஜெரூஷா. "இவ்வளவு நாளா இத வீட்ல வெச்சுக்கிட்டா இங்க பாமாலை நம்பர போட்டுக்கிட்டு இருந்த?"

பதிலை எழுத உட்கார்ந்தான். ஆங்கிலம் கையைக் கட்டியது. அதனால் முதலில் மைக்கில், தமிழில், அப்பாவுக்குச் சொல்வதுபோல் சொன்னான். எல்லாம் வரிசையாக வந்தது. பிறகு ஜெரூஷாவும் அவனும் அதை ஆங்கிலத்தில் எழுதினார்கள். அப்பாவைப் பற்றிய பேச்சை மட்டும் அவள் எடுத்துவிட்டாள். "அவங்களுக்கு உங்க குடும்பக் கதை வேணாம்பா."

அதன்பிறகு காத்திருப்பு. நிரலை மாற்றி எழுதினான். எல்லம்மா வீட்டுப் பெட்டி அவன் மேஜை மேலேயே கிடந்தது. ஜன்னலுக்கு வெளியே சாயங்கால மேகம் திரளும்போதெல்லாம் அவன் கண் அதில் போய் விழும். ஒருநாள் சிவகுமார் செய்தி கொண்டுவந்தான். எல்லம்மாவைப் பார்த்து இன்னும் ரெண்டு வீட்டில் பெட்டியைக் கழற்றி வைத்துவிட்டார்களாம்.

"இன்னாதான் மச்சான் சொல்றாங்க உன் ஒலக ஆபீஸ்ல?"

"படிச்சிட்டு இருப்பாங்கண்ணா."

"மழை படிச்சிக்கினா வரும்?"

பதில் ஒரு மத்தியானம் வந்தது. எபி டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தான். எண் ஒதுக்கப்பட்டது என்று இரண்டு வரி, அந்த எண், நன்றி. அவ்வளவுதான். வாத்தியமும் இல்லை, வாழ்த்தும் இல்லை. மூன்று தரம் படித்தும் நம்பிக்கை வராமல் அவன் பட்டியலைத் திறந்தான். உருட்டினான். அவசரத்தில் ஒருமுறை தாண்டிப் போய்த் திரும்பி வந்தான்.

இருந்தது.

அவர்கள் பெட்டியின் சேவைப் பெயர். ஆற்று வெள்ள எச்சரிக்கை என்று ஒரு சிறு விளக்கம். உரிமையாளர் இடத்தில் கம்பெனி. தொடர்புக்கு என்ற இடத்தில், எபநேசர் சுவிசேஷமுத்து. மேலே ஒரு வரியில் யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர், கீழே ஒரு வரியில் இன்னொருவர். நடுவில் சாயர்புரத்து நூல் மில்காரரின் பெயரும் அவர் மகன் பெயரும். உலகத்தில் எங்கே எவன் ஒரு புது மெஷினுக்கு எண் தேடி வந்தாலும், இந்த வரியைப் பார்ப்பான், இது அடையாற்றுக்குப் போய்விட்டது என்று விலகி அடுத்த எண்ணுக்குப் போவான். அப்படி விலகச் சொல்லி எவரும் அவனைக் கட்டாயப்படுத்தப் போவதில்லை. ஆனாலும் விலகுவான். கோயிலில் எல்லோரும் ஒரே சமயத்தில் புத்தகத்தைத் திருப்பும்போது சரசரவென்று ஒரு சத்தம் எழும். அப்பாவுக்குக் கேட்காத சத்தம். அது தன் காதுக்குள் எழுவதுபோல் இருந்தது.

சிவகுமார் தோள் மேல் சாய்ந்து திரையைப் பார்த்தான்.

"நம்ப ஆத்துக்கா மச்சான்? இந்தக் கூவம் மாதிரி ஓடுதே, அதுக்கா?"

"அதுக்குத்தாண்ணா."

"சோறு அப்பறம் துன்னலாம், வா. பொட்டிய எடு."

எல்லம்மா பெட்டியை உடனே வாங்கிக்கொள்ளவில்லை. போனில் அந்த வரியைக் காட்டினான் எபி. அவள் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தாள், ஆங்கிலம் படிக்க வராது. "இதுல எது நம்பளுது?" என்று கேட்டாள். அவன் தொட்டுக் காட்டினான். அவள் விரலால் மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். பட்டியல் எங்கெங்கோ ஓடியது.

"இம்மாம் பேரு கீறாங்களா!" என்றாள். "எல்லாரும் அவுங்கவுங்க எடத்துலயே கீறாங்களா?"

"அநேகமாக்கா."

"நீதான் போய் அடுத்தவன் எடத்துல குந்திக்கினு இருந்த."

"ஆமாக்கா."

சிவகுமார் அடக்க மாட்டாமல் சிரித்தான். எல்லம்மா ஸ்டூலை இழுத்துப் போட்டாள். "மாட்டு. கேமராவ கழட்ட மாட்டேன். அதுவும் கெடக்கட்டும், இதுவும் கெடக்கட்டும். எது பேசுதுன்னு பாப்போம்."

கழற்றி வைத்த வீடுகளும் மாட்டிக்கொண்டு, எல்லாப் பெட்டிகளும் புது எண்ணுக்கு மாறிய பிறகு, ஐப்பசியில் மழை பிடித்தது. விடாமல் கொட்டி, ஒரு காலை வேளையில் அனகாபுத்தூர் சந்துகளில் கணுக்கால் அளவு நின்றது. மழைக்கோட்டில் எபியும் சிவகுமாரும் பாலத்தருகே நின்றார்கள். ஆறு மண் நிறத்தில் சுழித்து, ஆகாயத்தாமரையைக் கூட்டம் கூட்டமாகத் தள்ளிக்கொண்டு போனது. இந்த முறை பலகை இல்லை. தூணில் போட்ட வெள்ளைக் கோட்டை நோக்கித் தண்ணீர் தானாகவே ஏறியது. எபியின் கண் கோட்டிலேயே இருந்தது. உதடு தன்னை அறியாமல் அசைந்தது.

கோடு மறைந்தது.

சந்துக்குள் அலறல் எழுந்தது. எபி தண்ணீரைச் சிதறடித்துக்கொண்டு கடைசி வீட்டை நோக்கி ஓடினான். அவன் கடந்துபோன ஒவ்வொரு வாசலிலும் பெட்டி கத்தியது. அவனுக்கு எதுவும் காதில் ஏறவில்லை. ஒரே ஒரு சத்தத்துக்காக மட்டும் காதைத் தீட்டிக்கொண்டு ஓடினான். சந்து முனையில் திரும்பியபோது அது கேட்டது. எல்லம்மாவின் வாசலில் கேமரா சிவப்பாய்க் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. அதன் பக்கத்தில், தன் கதவு எண்ணில், பெட்டி தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தது.

எல்லம்மா ஏற்கெனவே தயார். தலையில் மூட்டை, ஒரு கையில் சிலிண்டர் புத்தகமும் ரேஷன் கார்டும் போட்ட பிளாஸ்டிக் கவர். மருமகள் பின்னால் குழந்தையோடு இறங்கினாள்.

"கேட்டுச்சு, கேட்டுச்சு!" என்று அவனைப் பார்த்துக் கத்தினாள். "காத கிழிக்குது. நிறுத்தச் சொல்லு அத!"

"தண்ணி கொறஞ்சாத்தாங்க்கா நிறுத்தும்!"

"சர்தான். வேடிக்க பாக்காம அந்தக் கிரைண்டர தூக்கு!"

அவனும் சிவகுமாரும் கிரைண்டரைத் தூக்கிக்கொண்டு அவர்கள் பின்னால் பள்ளிக்கூடத்து மேட்டுக்கு ஏறினார்கள். திரும்பிப் பார்த்தால் சந்து முழுக்க ஆட்கள் ஒருவர் பின் ஒருவராகக் குடையும் மூட்டையுமாக மேலே வந்துகொண்டிருந்தார்கள். ஒருவரும் ஓடவில்லை. ஓட வேண்டிய அவசியம் இன்னும் வரவில்லை.

பள்ளிக்கூட வராந்தாவில் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு எபி போனை எடுத்தான். திரை முழுக்க ஈரம். மைக்கைத் தொட்டு, மழைக்கு மேலே குரலை உயர்த்திப் பேசினான்.

"நான் எபி. வயசு இருபத்தி நாலு. அனகாபுத்தூர்ல பள்ளிக்கூட மேட்டுல நிக்கேன். ஆறு ஏறிட்டு. ஆளெல்லாம் அதுக்கு முன்னாலயே ஏறிட்டாவ. நான் நல்லாருக்கேன், நனஞ்சிருக்கேன், அவ்வளவுதான். உலகத்துப் பட்டியல்ல ஒரு வரி படம் புடிச்சு அனுப்பியிருக்கேன். அதுல அப்பா பேரு இருக்கு. யாரு இத மொதல்ல பாத்தாலும், போனை அப்பா கையில குடுங்க."